நாடகமா, நாட்டியமா: ஸ்டேஜ் மேனேஜர் எங்கே தொழில் கற்கலாம்?

சென்னையில் ஸ்டேஜ் மேனேஜராக, அதாவது திரைக்குப் பின்னால் நின்று நிகழ்ச்சியை நடத்துகிறவராக, வர நினைக்கிறவர்கள் முதலில் நாடகக் குழுவில் சேர்வதா, நாட்டிய நிகழ்ச்சிகளுக்குப் போவதா என்று கேட்டால் நான் நாடகத்தைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாதித் தொழில்தான் கைக்கு வரும்.

நாடகத்தில் கையில் பிரதி இருக்கிறது. யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எந்த வசனத்தில் விளக்கு மாறுகிறது, அந்தக் கடிதம் யார் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே ஓரத்தில் எழுதிக்கொண்டு போனால், நமக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருவர் அதை வைத்து நாடகத்தை நடத்திவிடலாம். பெரிய செட்டுகளுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பேர்போன ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் மாதிரியான குழுக்களில் திரைக்குப் பின்னால் இப்படி ஓர் ஒழுங்கு இல்லாமல் ஒரு காட்சிகூட நகர்ந்திருக்காது.

பரதநாட்டியத்தில் வரிசை தெரியும், நேரம் தெரியாது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று போகும், சரி. ஆனால் வர்ணம் ஒத்திகையில் 30 நிமிடம் ஓடியிருக்கும், மேடையில் சஞ்சாரி (ஒரு வரியின் பொருளை விரித்து அபிநயிப்பது) சூடுபிடித்து ஆடுகிறவர் அதே வரியை இன்னும் நாலு முறை விரித்தால் பாடுகிறவரும் கூடவே போவார், 40 நிமிடம் ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்த்து க்யூ (விளக்கு மாற்றம் போன்றவற்றுக்கான சைகை) கொடுக்கிறவர் அங்கே திணறிப்போவார். காதை நம்ப வேண்டும். பல தீர்மானங்கள், அதாவது தாளக் கோவையின் முடிப்புகள், ததிங்கிணதொம் என்ற சொற்கட்டு மூன்று முறை வந்து முடியும் இல்லையா, முதலாவதில் லைட்ஸ்காரரை உஷார்ப்படுத்தி, இரண்டாவதில் அவர் கை பொத்தான் மேல் இருக்கிறதா என்று பார்த்து, மூன்றாவதின் 'தொம்' விழும்போது 'போ' என்று சொல்ல வேண்டும். அரை நொடி தள்ளினாலும் சபையில் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் காதை நாடகத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள். கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லில் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிரதியில் எழுதியிருக்கும். ஆனால் நடிகர் அன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தினால், அந்த மூச்சுக்கும் வெளிச்சம் வேண்டும். நாட்டியத்தில் பழகியவருக்கு இது யாரும் சொல்லாமலே கேட்கும்.

வெளிச்சத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பக்கவாட்டு விளக்கு உடம்பின் கோடுகளை அழகாகக் காட்டும், அடவு என்கிற ஆட்ட அசைவுகளுக்கு அது சரி. அதையே முகபாவம் பிரதானமான பதத்துக்கும் வைத்தால் அபிநயம் பாதி முகத்தோடு நின்றுவிடும். முகம் தெரிய வேண்டும் என்பது நாடகக்காரர்களுக்கு முதல் பாடம், அதை நாட்டிய மேடைக்கு அவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

தரை விஷயத்தில் நாட்டியம்தான் ஆசான். வெறுங்காலில் ஆடுகிற மேடையில் சலங்கையிலிருந்து உதிர்ந்த ஒரு மணி கிடந்தாலே காலைக் கிழிக்கும் என்பதால் ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் கண் தரையிலேயே இருக்கும். செட் அடித்த ஆணிகள் சிதறிக் கிடக்கிற நாடக மேடைக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகமாகத் தேவை.

இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பது நாட்டிய நாடகத்தில் புரியும். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் ராமாயணத்தை வரிசையாக நாட்டிய நாடகங்களாக அமைத்தார். அந்த மாதிரித் தயாரிப்பில் பாத்திரங்களின் வரவு, ஆயுதங்கள், உடை மாற்றம் எல்லாம் நாடகக் கணக்கு, ஆனால் க்யூ முழுக்கப் பாட்டுக்குள் இருக்கிறது.

அப்புறம், நாட்டியக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர், ஜனவரியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது ஏறுவதற்குள் மூச்சுவிட நேரமிருக்காது, தெரியும். அதனால்தான் முன்கூட்டியே, வாத்தியக்காரர்களோடு நடக்கிற கடைசி ஒத்திகைக்கு ஸ்டேஜ் மேனேஜரையும் கூப்பிடுங்கள், சாகித்தியத்தை, அதாவது பாட்டு வரிகளை, எழுதி அவர் கையில் கொடுங்கள், எந்த வரி எத்தனை முறை வரும் என்று தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.