தாராவி 90 அடிச் சாலையில் ஓர் உடன்குடிக் கருப்பட்டிக் கடை

தாராவி 90 அடிச் சாலையில் நம் ஊர்ப் பலசரக்குக் கடைகள் பல இருந்தாலும், கருப்பட்டி வாங்க மட்டும் மூன்று ஆண்டுகளாக நான் ஒரே கடைக்குத்தான் போகிறேன். முதன்முதலில் போனது ஒரு தை மாதம். "சரக்கு தீந்துட்டும்மா, இப்ப வாரதெல்லாம் சீனி கலந்தது, நான் எடுக்கல, பங்குனிக்கு மேல வாங்க" என்று சொல்லி அண்ணாச்சி என்னை வெறுங்கையோடு அனுப்பினார். அன்று வந்த நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை.

சித்திரையில் கிடைத்த வட்டுகளை உடைத்துப் பார்த்தேன். உட்புறம் பளபளப்பின்றி மங்கிய கரும்பழுப்பு நிறம். நாவில் இனிப்பு அடங்கும்போது மெல்லிய உவர்ப்பும் விறகுப் புகையின் வாசமும் எழுந்தன. சுக்குக் காப்பிக்கு இதற்கு ஈடு இல்லை. கிலோ 450 ரூபாய் கொடுத்தேன். சீனி கலந்தது இதில் பாதி விலைக்கே கிடைக்கிறது என்பதால் பலர் முகம் சுளிக்கிறார்கள்.

சாத்தான்குளம் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் பனை ஏறிய என் பெரியப்பா, விடியுமுன் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளை சீவுவார். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். அதன் பிறகு பனங்காட்டு ஓலைக் குடிசையான விடிலியில் பெரியம்மா மணிக்கணக்காக அனல் முன் நின்று காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார். அவர்களுடைய மகன்கள் மூவரும் இன்று மும்பையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஏற ஆளில்லாத பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவைதாம். ஆனாலும் ஏறுகிறவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைக்காவிட்டால் மரம் நின்றும் பயனில்லை என்பதே என் எண்ணம். ஆகவே அந்த விலையில் நான் பேரம் பேசுவதில்லை.

குறை ஒன்று உண்டு. ஆடி மழையில் வாங்கிய இரண்டு கிலோவைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுத்ததால், நான்கே நாளில் கசிந்து ஒட்டிக்கொண்டது. ஓலைக் கொட்டானில் தரும்படி கேட்டிருக்கிறேன்; அடுத்த சரக்கோடு ஊரிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார். மும்பை மழை பிடிக்குமுன், வைகாசிக்குள் வாங்கிவிடுவது நல்லது. ஞாயிறு பிற்பகலில் கடை இருக்காது.