ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: பழைய கார் ஆசைக்கு இது சரிவருமா?

அம்பாசடர், ஃபியட் என்று எல்லோரும் பேசுகிற பட்டியலில் பாதி மறந்துபோன வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. முதலில் இரண்டு கதவு. பிறகு வந்த நான்கு கதவு மாடல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இங்கே மட்டும்தான். 1970-களில் கெசல் என்று பெயரும் முகமும் மாறியது. இங்கிலாந்தில் 1147 சிசி, 1296 சிசி என்று எஞ்சின் வளர்ந்துகொண்டே போக, நம் வண்டி கடைசிவரை 948 சிசியிலேயே நின்றது. ஏறத்தாழ 35 குதிரைத்திறன், அவ்வளவுதான்.

இந்த வண்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அது தலைகீழ். ஹெரால்டில் எஞ்சின் வேலை சின்னச் செலவு. சேஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) பாடியும்தான் பணத்தை விழுங்கும். ஆகவே முதலில் கீழே படுத்துப் பாருங்கள், சாவியைப் பிறகு திருப்பலாம்.

இதற்குத் தனி சேஸ் உண்டு, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஓடும் இரண்டு உத்தரங்களிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும்; பாடியின் ஓரங்களைத் தாங்குவது இவைதான். துரு பிடிப்பதும் இங்கேதான், முக்கியமாகப் பின்சக்கரத்துக்கு முன்னாலும் டிக்கிக்கு அடியிலும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், போனது மொத்தென்று அமுங்கும். மேலே மினுமினுப்பாகப் பெயிண்ட் அடித்த வண்டியானால் துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டு ஓரங்களில் ஓட்டுங்கள். பட்டி கனமாகப் போட்ட இடத்தில் காந்தம் பிடிக்காது. கதவு இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கீலில் சரிசெய்ய முடியாது. சேஸுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர்களையும் ஷிம்களையும் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) பார்க்க வேண்டும். டிங்கரிங்குக்குப் பாடியைத் தூக்குவதானால், அதற்கு முன்பே கதவுச் சட்டத்தின் குறுக்கே கம்பி வெல்டு பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரும்பி இறக்கும்போது ஒரு கதவும் மூடாது.

வண்டியின் பெரிய சுகம் பானெட். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கம் கவிழும். டயர்மேல் உட்கார்ந்தபடியே இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி வைக்கலாம். ராக் ஸ்டீயரிங், சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் திரும்பிவிடும். இந்த ஒரு விஷயத்தில் பல புதுக் கார்களே இதனிடம் தோற்கும்.

அப்படிச் சுலபமாகத் திரும்புகிற முன்சக்கரத்தில்தான் இதன் மோசமான பலவீனமும் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் இறங்கி, ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழலும். இதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அல்ல. ஆனால் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை மாட்டுவது நம் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கிரீஸ் இறுகி மரையின் மேல்பகுதிக்குப் போகாமல் நின்றுவிடும், அங்கே மழைத்தண்ணீர் தேங்கும், தண்டு உள்ளுக்குள் துரு அரித்து ஒருநாள் ஒடியும். பெரும்பாலும் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஒடிவதால் ஆளுக்கு ஆபத்தில்லாமல் முடிகிறது. நெடுஞ்சாலையில் ஒடிந்தால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். வாங்கியவுடன் இரண்டு பக்கமும் கழற்றி மரையைச் சுத்தம் செய்து பார்ப்பது கட்டாயம். குழிகுழியாக இருந்தால் தண்டை மாற்றுங்கள், வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை என்பதை மறக்கக் கூடாது. பிறகு பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை, மேலே கசியும்வரை ஆயில் ஏற்றினால் போதும்.

பின்பக்கம் ஹெரால்டில் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஊசலாடும் அச்சு; குறுக்கே ஒரே பிளேட்டு ஸ்பிரிங் கட்டு. ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரத்தின் அடிப்பகுதியும் உள்பக்கம் மடங்கித் தொங்கும். இறக்கியபின் வண்டியைக் கொஞ்சம் உருட்டினால்தான் நேராகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உருட்டியபிறகு சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் பிளேட்டு தளர்ந்துவிட்டது. வளைவில் வேகமாகப் போய் நடுவில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்பக்கம் எகிறும். கெசலில் இந்த அமைப்பை விட்டுவிட்டுத் திட அச்சு போட்டார்கள். நம் சாலைக்கு அதுவே மேல். பின் ஹப் கூம்புத் தண்டில் இறுகியிருக்கும், அதற்கென்று உள்ள புல்லர் இல்லாமல் கழலாது. சுத்தியலால் அடிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்: பேரிங் வேலைக்குப் போய் ஆக்சில் தண்டு வாங்கி வர வேண்டியிருக்கும்.

எஞ்சினில் கட்டாயம் பார்க்க வேண்டியது த்ரஸ்ட் வாஷர், அதாவது க்ராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் வாஷர். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் க்ராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். முன்பின் ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்வரை சரி. கண்ணுக்கே தெரிகிற மாதிரி நகர்ந்தால் பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன. சம்ப்பை (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி, எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். தள்ளிப்போட்டால் வாஷர் கீழே விழுந்து க்ராங்க் ப்ளாக்கையே அரைக்கும். மற்றபடி இது முரண்டு பிடிக்காத எஞ்சின்: வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ., பாயிண்ட் 0.4 மி.மீ., சிலிண்டர் ஃபயரிங் வரிசை 1-3-4-2, ஆயில் 20டபிள்யூ-50. ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால் ஹெட்டை இறக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்னும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

எலக்ட்ரிக்கலில் ஒரே எச்சரிக்கை: பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு, இருக்கலாம். பார்க்காமல் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் அந்த நிமிடமே புகை.

பாகங்கள் விஷயத்தில் பாதி வரம், பாதி சாபம். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், புஷ் வகையறா இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே விற்பதில் பெரும்பகுதி பெரிய எஞ்சினுக்கானது. பிஸ்டன் ஆர்டர் செய்யுமுன் நம் அளவு 63 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) என்பதைச் சொல்லிக் கேளுங்கள். 1147 சிசிக்கு 69.3. ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் எஞ்சினும் இதே 948 என்பதால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அந்தப் பெயர்களிலும் தேடலாம். நான்கு கதவு வண்டியின் பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங், கெசலின் க்ரில் இவையெல்லாம் வெளிநாட்டில் இல்லவே இல்லை. உடைந்தால் இன்னொரு வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எனவே எஞ்சின் ஓடாவிட்டாலும் கண்ணாடியும் அலங்காரப் பட்டைகளும் முழுசாக உள்ள வண்டி, நன்றாக ஓடும் மொட்டை வண்டியைவிட மேல்.

வண்டி எந்த ஆண்டுடையது என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆர்.சி. புக்கில் உள்ள சேஸ், எஞ்சின் எண்களை வண்டியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், விளக்கு வைத்துப் பார்த்தால் தெரியும். மூன்று நான்கு பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் வண்டி பெரிதாகக் கைவைக்கப்படாதது.

இது 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிக்கும் முக்கியம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, எஞ்சினோ பாடியோ பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. வேறு எஞ்சின் ஏற்றிய ஹெரால்டுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். இந்த வரிசைக்குப் போனபின் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட நினைப்பவர் பழைய ஆர்.சி.யை உயிரோடு வைத்திருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்; அவருக்குக் கெசல் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை வண்டி போதும் என்பவருக்கு இரண்டு கதவு ஹெரால்ட்.