பில்லில் யார் பெயர்?

அம்மாவுக்கு டிவி வாங்கப் பாண்டிக்குப் போனதே தப்பு என்று அக்கா இன்னமும் சொல்கிறாள். கடலூரில், எங்கள் திருப்பாப்புலியூரிலேயே கடைகள் இருக்கின்றன. ஆனால் பாண்டி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் எதுவும் விலை குறைவு என்பது கடலூர்க்காரர்களின் பழைய நம்பிக்கை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு டிவிக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான், நம்பிக்கை மட்டும் போகவில்லை. பாரிஸ் பக்கம் குடியேறி 17 வருடமாகியும் எனக்கும் போகவில்லை.

மூன்று வார லீவில் வந்திருந்தேன். முதல் சனிக்கிழமையே ஒரு கடையில் 32 இன்ச் டிவி, 14,500 ரூபாய். கடலூரில் கொண்டுவந்து இறக்க 300. பில்லுக்குப் பெயர் கேட்டபோது யோசிக்காமல் என் பெயரைச் சொன்னேன்.

நாலாம் நாள் சாயங்காலம் திரையின் இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. நூல் பிடித்த மாதிரி நேராக. அரை மணி நேரம் ஓடினால் மறைந்துவிடும், மறுநாள் போட்டால் மறுபடி வரும். போனில் வீடியோ எடுத்து வைத்தேன். பிறகு இந்த வீடியோதான் காப்பாற்றியது.

கடைக்குப் போன் செய்தால், "பில்லு போட்டதோட எங்க வேலை முடிஞ்சுது சார், கம்பெனிக்குக் கம்ப்ளைன்ட் போடுங்க" என்றார்கள். போட்டோம். இரண்டு நாள் கழித்து மெக்கானிக் தம்பி வந்தார். அவர் போட்ட நேரம் பார்த்துக் கோட்டைக் காணோம்! பல் வலி, டாக்டரைப் பார்த்ததும் நிற்குமே, அந்தக் கதை. வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு டிவி ஃபிரேமின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார், கோடு வந்து நின்றது. "பேனல் போயிடுச்சு சார். பார்ட் வர ரெண்டு வாரம் ஆகும்."

ஜாப் ஷீட்டில் கையெழுத்துக் கேட்டபோது, 'வெளியடி எதுவும் இல்லை' என்று எழுதினால்தான் போடுவேன் என்றேன். திரை விஷயத்தில் "எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்பதுதான் முதலில் வரும் பதில். அந்தத் தம்பி மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

பிரான்ஸில் இவ்வளவு பாடு இல்லை. அங்கே புதுப் பொருளுக்கு விற்ற கடையே இரண்டு வருடம் பொறுப்பு. அதற்குள் பழுது தெரிந்தால் வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ராத்திரி உட்கார்ந்து 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள். எங்கள் பில்லின் அடியில் கெடு எதுவும் இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மட்டும் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றக் கேட்பவரிடம் வேண்டுமானால் அந்த வரியைக் காட்டலாம். (அதற்குப் பிரான்ஸ் கடையிலும் உரிமை கிடையாது.) பழுதான பொருளுக்குச் செல்லாது.

அப்புறம்தான் பில்லில் என் பெயர் இருப்பது உறைத்தது. நான் போன பிறகு இந்தப் பஞ்சாயத்தை யார் பார்ப்பது? நல்ல வேளை, வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அம்மாவே புகார் கொடுக்கலாம். பாண்டிக்கு அலையவும் வேண்டாம், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி வைத்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. அதற்கு முன்படியாக நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து தமிழிலேயே புகாரைப் பதியலாம். இருந்தாலும் எழுபதைத் தாண்டிய அம்மாவை வழக்கு என்று இழுக்க எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். பில் எண், டிவியின் சீரியல் எண், வாங்கிய தேதி, கோடு வந்த தேதி, மெக்கானிக் சொன்னது. வேறு டிவி அல்லது பணம், ஏழு நாளுக்குள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன்.

கவுன்ட்டரில் இருந்த பையன் அதே "கம்பெனிக்குப் போடுங்க" பாட்டைத்தான் பாடினான். நான் வாதாடவில்லை. "சரி தம்பி, வாங்கிக்கிட்டதா ஒரு நகல்ல சீல் வெச்சு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்" என்றேன். சீல் என்றதும் உள்ளே போனான். மேனேஜர் வந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார், 30 நாள் என்று எழுதிய இடத்தில் விரல் நின்றது. "எதுக்கு சார் இதெல்லாம், நம்ம கஸ்டமர் நீங்க" என்று டீ சொன்னார். சீல் வைக்காவிட்டால் அதையே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புவதாக இருந்தேன், தேவைப்படவில்லை.

"பெட்டி, தெர்மாகோல் எல்லாம் இருக்கா?"

இருந்தது. நான் குப்பையில் போடப் பார்த்ததை, "ஒரு வருசம் கெடக்கட்டும்டா" என்று அம்மா பரணில் ஏற்றி வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் வேறு டிவி வந்தது. பழைய பில்லையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் விடவில்லை. புது சீரியல் எண்ணோடு, அம்மா பெயரில், வேறு பில் வாங்கினேன். 300 ரூபாயையும் கேட்டுப் பார்த்தேன். "அது வண்டிக்காரருக்குப் போயிடுச்சு சார்" என்றார் மேனேஜர். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார் என்பதால் அதோடு விட்டுவிட்டேன். புதுப் பெட்டி இப்போது பரணில்.