மைனஸ் பத்துக்காரர்களுக்கு: அளவெடுப்பு அருமை, கண்ணாடிக் கடை சுமார்

மதுரையில் நானும் தம்பியும் காட்டும் தனியார் கண் மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறேன். பாராட்டும் குறையும் கலந்தே வரும் என்பதால் பெயர் போடவில்லை.

இரண்டு பேருக்கும் பவர் மைனஸ் பத்து. லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று தம்பி கேட்டதால்தான் கண் நீளத்தை அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ஒரே பவர்தானேக்கா, ஒருத்தருக்கு எடுத்தாப் போதாதா?" என்று காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தான். நல்லவேளை, இரண்டு பேருக்கும் எடுத்தோம். கண்ணில் எதுவும் படாது. தாடையை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் போதும், சில நிமிட வேலை.

அவன் கண் நீளம் 27.9 மில்லிமீட்டர், என்னுடையது 27.0. சாதாரணக் கண் சுமார் 23.5 இருக்கும், 26ஐத் தாண்டினாலே கடுமையான கிட்டப்பார்வைக் கணக்கில் சேர்ப்பார்களாம். என் கண் குட்டையாக இருந்தும் பவர் எப்படி ஒன்றாக வந்தது? அளவெடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். என் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியா) வளைவு அதிகம், பவரை அளக்கும் டயாப்டர் கணக்கில் 44.75, அவனுக்கு 42.5. நீளத்தில் எனக்குக் குறைந்ததை வளைவு ஈடுகட்டிவிடுகிறது. பொதுவாகவே ஆண்களின் கண் சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளம், பெண்களின் கருவிழி வளைவு சற்று அதிகம் என்றார். ஆண்கள் உயரமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணமாம். சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும்.

டாக்டரும் அவசரப்படவில்லை. லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும், நீளம் அப்படியேதான் இருக்கும் என்று தம்பியிடம் சொன்னார். கண் நீள நீள விழித்திரை இழுபட்டு மெலிவதால், கண்ணாடியைக் கழற்றினாலும் வருடாவருடம் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆகவேண்டும். திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாக நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை மறைப்பது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே வரச்சொன்னார். சொட்டு மருந்து விட்டபிறகு காத்திருப்பதுதான் கொடுமை. ஃபோன்கூடப் பார்க்க முடியாது, துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

கீழ்த்தளத்தில் உள்ள அவர்களுடைய கண்ணாடிக் கடைதான் ஏமாற்றம். கருமணிகளுக்கு இடையே உள்ள தூரம் எனக்கு 59 மில்லிமீட்டர், தம்பிக்கு 65. மேலே எழுதிக் கொடுத்தும், எனக்கு 63 வைத்துச் செய்துவிட்டார்கள். மைனஸ் ஒன்று, இரண்டு என்றால் பெரிதாகத் தெரியாமல் போகலாம். மைனஸ் பத்தில் லென்ஸின் மையம் ஒரு கண்ணுக்கு 2 மில்லிமீட்டர் தள்ளினால்கூடத் தலைவலிதான். சண்டை போட்டபிறகு இலவசமாக மாற்றித் தந்தார்கள். அதுவரை பழைய கண்ணாடியோடு ஓட்டினேன்.

இன்னொன்று, ஆண்களுக்கு என்று அடுக்கியிருப்பதெல்லாம் அகல ஃபிரேம். பவர் அதிகமானவர்களுக்கு அகலம் கூடினால் லென்ஸின் ஓரம் தடித்துவிடும், 1.74 என்கிற மெல்லிய வகை லென்ஸே போட்டாலும் சரி. தம்பிக்குப் பொருந்திய, அகலம் குறைந்த 48 அளவு ஃபிரேம் பெண்கள் பக்கம்தான் இருந்தது. முதலில் முகத்தைச் சுளித்தான். போட்டுப் பார்த்ததும் வாயைத் திறக்கவில்லை, அதையே வாங்கிக்கொண்டான்.

அளவெடுக்கவும் விழித்திரை பார்க்கவும் ஐந்துக்கு நாலரை. கண்ணாடிக் கடைக்கு இரண்டு. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.