சின்ன பாடியில் பெரிய ஜூம் லென்ஸ்: எடையைக் கூட்டுவதா, பிடியை மாற்றுவதா?

கையடக்கமான மிரர்லெஸ் கேமராவில் 600 மி.மீ. ஜூம் லென்ஸை மாட்டியதும் முன்பக்கம் கீழே சாய்கிறது. பாடிக்குக் கனம் போதவில்லை, பின்னால் எடை சேர்த்தால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். பேட்டரி கிரிப் (கூடுதல் பேட்டரியோடு பாடிக்கு அடியில் பூட்டும் பிடி), எல்-பிராக்கெட் (பாடியின் அடியிலும் பக்கத்திலும் பூட்டும் எல் வடிவத் தகடு), பெரிய பாடி என்று செலவும் அந்தப் பக்கமே போகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமநிலைக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

சோனியின் 200-600 லென்ஸ், ட்ரைபாட் ஃபுட் (லென்ஸுக்கு அடியில் ட்ரைபாடில் பூட்டும் கால்) இல்லாமல் 2115 கிராம். அதன் எடை மையம் மவுண்டுக்கு (பாடியில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கு) 14 செ.மீ. முன்னால், பாடியின் எடை மையம் மவுண்டுக்கு 2 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். (லென்ஸுக்கு லென்ஸ் இந்த அளவு மாறும்; கணக்கின் போக்கு மாறாது.) 403 கிராம் எடையுள்ள சோனி ஏ6400 பாடியில் மாட்டினால், இரண்டும் சேர்ந்து நிலைகொள்ளும் புள்ளி மவுண்டுக்கு 11.4 செ.மீ. முன்னால் விழுகிறது. 514 கிராம் ஏ7சி 2-இல் 10.9 செ.மீ. 737 கிராம் ஏ1-இல் 9.9 செ.மீ. அதே ஏ1-இல் 300 கிராமுக்கு ஒரு கிரிப்பையும் சேர்த்தால் 8.7 செ.மீ. ஆக, மிக லேசான பாடியிலிருந்து கிரிப் போட்ட பெரிய பாடி வரை போய், 634 கிராம் கூடுதலாகச் சுமந்த பிறகு, புள்ளி பின்னுக்கு வந்தது வெறும் 2.7 செ.மீ. வலது கை பிடிக்கும் இடமோ மவுண்டுக்கும் பின்னால். எவ்வளவு எடை சேர்த்தாலும் அந்தக் கைக்குச் சமநிலை வந்து சேரப்போவதில்லை.

உலக்கையைத் தூக்குகிறவர் நுனியைப் பிடிப்பதில்லை. இங்கும் சுமக்கிற கை இடது கைதான். அது அந்த 11 செ.மீ. புள்ளிக்குக் கீழே போய் நிற்க வேண்டும். சின்ன பாடி வைத்திருப்பவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பாடியை மட்டும் பிடித்துத் தூக்கினால் மவுண்டில் விழும் முறுக்கு ஏறக்குறைய 2.9 நியூட்டன் மீட்டர். லென்ஸைப் பிடித்துத் தூக்கினால், மவுண்டில் தொங்குவது பாடி மட்டுமே. 514 கிராம் பாடிக்கு அந்த முறுக்கு முன்னதில் 29-இல் ஒரு பங்குதான். பாடி எவ்வளவு லேசோ மவுண்டுக்கு அவ்வளவு நிம்மதி.

அப்படியென்றால் கிரிப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது சமநிலை வேலை அல்ல. ஏ6400-இன் உயரம் 67 மி.மீ.கூட இல்லை, சுண்டுவிரல் அடியில் தொங்கும், பிடி இறுகாது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கீழே ஒரு தகடோ எல்-பிராக்கெட்டோ வந்தால் விரல் உட்கார இடம் கிடைக்கிறது. நான்கு விரலும் பதிந்தால் ஷட்டர் அழுத்தும் விரல் தளர்வாக இருக்கும், படம் அசையாது. கூடுதல் எடை சிறு நடுக்கங்களைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதும் உண்மை. எனவே பெரிய கை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம், விரலுக்காக. பேட்டரி கிரிப் வேண்டும் என்பவர்கள் மட்டும் முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சின்ன பாடிகள் பலவற்றுக்கு நிறுவனமே அதைத் தயாரிப்பதில்லை. கேனான் ஆர்7, ஆர்10 இரண்டுக்கும் கிடையாது.

பாடியைவிடச் சமநிலையை அதிகம் பாதிப்பது லென்ஸின் ஜூம் அமைப்பு. வாங்குவதற்கு முன் நேரம் எடுத்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சோனி 200-600, நிக்கான் 180-600 போன்றவை உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும். வெளி நீளம் மாறாது. சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ், கேனான் 100-500 போன்றவை ஜூம் செய்தால் முன்னுக்கு நீளும். சிக்மாவின் எடையும் 2100 கிராம் அளவுதான், சோனியோடு ஒட்டியே நிற்கிறது. ஆனால் மடக்கிய நிலையில் சிக்மா 26 செ.மீ. சொச்சம், சோனி 32 செ.மீ. பையில் வைக்க எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

கையில் எடுத்தால் கதை வேறு. நீளும் லென்ஸில் முன் கண்ணாடித் தொகுதி 500 கிராம், அது 8 செ.மீ. முன்னால் நகர்கிறது, கேமராவோடு மொத்தம் 2600 கிராம் என்று கொண்டால், நிலைகொள்ளும் புள்ளி ஒன்றரை செ.மீ. இடம் மாறும். ஏ6400-இலிருந்து ஏ1-க்குப் போனால் எவ்வளவு நகருமோ, அதே அளவு. அதுவும் ஒரு முறை அல்ல, ஒவ்வொரு ஜூமுக்கும். சின்ன பாடியில் இதை உடனே உணரலாம். பறந்துகொண்டே நெருங்கி வரும் பறவையை எடுக்கும்போது ஜூமைத் திருப்பத் திருப்ப இடது கையும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஜூம் ஆகும் லென்ஸில் கை ஒரே இடத்தில் நிற்கும். நிக்கானில் ஜூம் ரிங் முழு வீச்சுக்கும் 70 டிகிரி திரும்பினால் போதும். விரலைப் பிரித்து மறுபடி பிடிக்க வேண்டியதில்லை.

சிக்மாவுக்கும் அதன் நியாயம் உண்டு. ரிங்கைத் திருப்பாமல் முன்பகுதியைத் தள்ளி இழுத்தும் ஜூம் செய்யலாம். ட்ரைபாட் ஃபுட்டிலேயே ஆர்க்கா பள்ளம் (ட்ரைபாட் தலையின் கவ்வியில் நேரே நுழையும் பள்ளம்) வெட்டியிருக்கிறது. சோனி, நிக்கான் இரண்டிலும் அது இல்லை, தனியாகத் தகடு பூட்ட வேண்டும். பயணமும் நடையும் அதிகம் என்றால் சிக்மாவை எடுங்கள். ஓரிடத்தில் நின்று பறவையைத் தொடர்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது உள்ளே ஜூம் ஆகும் லென்ஸ்தான்.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கேனான் இஎஃப் லென்ஸை சோனியில் மாட்டும் அடாப்டர் 26 மி.மீ. தடிமன், நிக்கான் எஃப் லென்ஸை அதன் மிரர்லெஸ் வரிசையான இசட் பாடிக்குக் கொண்டுவருவது 30.5 மி.மீ. லென்ஸ் முழுவதும் அவ்வளவு தூரம் முன்னால் தள்ளிப்போகிறது. பெரிய பாடியும் கிரிப்பும் சேர்த்து மீட்ட 2.7 செ.மீ.யில் பெரும்பகுதியை அடாப்டர் ஒன்றே விழுங்கிவிடும். மிரர்லெஸ் லென்ஸ்களுக்குள்ளேயும் வடிவமைப்பு மாறிவருகிறது: சோனியின் 70-200 எஃப் 2.8 முதல் பதிப்பு 1480 கிராம், இரண்டாம் பதிப்பு 1045 கிராம். அடாப்டரோடு போராடுகிறவர் புது பாடிக்கு முன் புது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

தாங்கிகளுக்கு வருவோம். பெரிய ஜூமை மாட்டிய கேமராவை பாடியின் அடித் துளை வழியாக ட்ரைபாடில் ஏற்றவே கூடாது. லென்ஸின் முழு எடையும் மவுண்டிலும் அந்த ஒற்றைத் திருகிலும் தொங்கும், ஃபிரேம் மெல்லக் கீழே இறங்கும். லென்ஸ் காலர்தான் (ஃபுட் பொருந்தியிருக்கும், லென்ஸைச் சுற்றிய வளையம்) இடம். பால் ஹெட் (உருண்டை மீது சுழலும் ட்ரைபாட் தலை) பூட்டும் வரை சரி, தளர்த்திய கணமே லென்ஸ் பக்கவாட்டில் சாயும். கையை எடுக்க முடியாது. கிம்பல் ஹெட்டில் லென்ஸ் தொட்டில் மாதிரி தொங்குவதால், சரியாகச் சமன்செய்தால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

சின்ன பாடிக்காரர்கள் கிம்பலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: பாடி லேசாக இருப்பதால் நிலைகொள்ளும் புள்ளி ஃபுட்டைத் தாண்டி முன்னால் விழும், ஃபுட்டைப் பின்னுக்குத் தள்ள இடம் மீதி இருக்காது. இதற்கு மருந்து பாடிக்கு எடை சேர்ப்பது அல்ல. நீளமான ஆர்க்கா தகடு ஒன்றை வாங்கி, அது முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஃபுட்டில் பூட்டுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான தீர்வு இதுதான், பலனும் முழுமையானது. சமன்செய்யும்போது ஹூட், பேட்டரி, கார்டு எல்லாம் மாட்டியிருக்கட்டும். நீளும் லென்ஸ் என்றால் எந்த ஜூமில் அதிகம் எடுப்பீர்களோ அதில் வைத்துச் சமன்செய்யுங்கள்.

மோனோபாட் எடையைத் தாங்கும். முன்னும் பின்னும் சாய்வதைத் தானாக நிறுத்தாது. ஆனாலும் நாள் முழுக்க நடப்பவருக்கு கிம்பலைவிட அதுவே பொருந்தும், முன்பின் மட்டும் சாயும் டில்ட் ஹெட்டோடு.

லென்ஸையே சிறிதாக்கும் வழியும் இருக்கிறது. சோனி 70-350 வெறும் 625 கிராம், கேனான் ஆர்எஃப் 100-400 635 கிராம். ஏ6400-க்கும் ஆர்10-க்கும் இவை அளவெடுத்தது போலப் பொருந்தும். தொலைவு கொஞ்சம் குறையும், கேனானில் நீள முனையில் எஃப் 8, அதாவது உள்ளே வரும் ஒளி குறைவு என்பதால் அந்தி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஏறும். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

பெரிய லென்ஸோடுதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் வாரை பாடியின் காதுகளிலிருந்து கழற்றிவிடுங்கள். காலரில் வார் மாட்டும் வளையம் இருந்தால் அதில், இல்லையென்றால் ஃபுட்டில் பூட்டிய தகட்டில் மாட்டுங்கள். நடக்கும்போதும் பாடிதான் லென்ஸில் தொங்க வேண்டும், லென்ஸ் பாடியில் அல்ல.