ஸ்போக் வீலா, அலாய் வீலா? குரூப்பா வீக்கெண்ட் ரைடு போறவங்களுக்கு என் ஓட்டு ட்யூப்லெஸ்ஸுக்கு தான்

350 சிசி பைக் எடுக்கப் போறவங்க மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி, சத்தம் எப்படினு எல்லாம் விசாரிப்பாங்க, வீல பத்தி மட்டும் கேக்க மாட்டாங்க. கலர் புடிச்சுப் போச்சுன்னா அந்தக் கலர்ல எந்த வீல் வருதோ அதோட வீட்டுக்கு வந்துடும். தினமும் ஆபீசுக்கு ஓட்ட மட்டும்னா அது பரவாயில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நாலஞ்சு பேரா கிளம்பி கொல்லிமலை, பச்சமலை, தனுஷ்கோடினு போறவங்களுக்கு இந்த ஒரு விஷயம் மத்த எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் சொல்வேன். நாங்க திருச்சில அஞ்சு பேர் சேந்து ஓட்டுறோம், மூணு வண்டி ஸ்போக் (கம்பி வெச்ச வீல்), ரெண்டு வண்டி அலாய் (கம்பி இல்லாத வார்ப்பு வீல்). நான் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கும்போதே அலாய் வர்ற டார்க் கலர் தான் வேணும்னு கேட்டு வாங்கினேன், அதனால நான் எந்தப் பக்கம்னு ஆரம்பத்துலயே சொல்லிடுறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாக்கிடலாம். ஸ்போக்கா அலாயாங்கறது நம்ம ஊர் வண்டிகள்ல பெரும்பாலும் ட்யூபா ட்யூப்லெஸ்ஸாங்கற கேள்வி தான். சாதாரண ஸ்போக் ரிம்ல ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஓட்ட இருக்கும், அது வழியா காத்து போயிடும், அதனால உள்ள ட்யூப் போட்டே ஆகணும். அலாய் ஒரே வார்ப்பு, ஓட்டை கிடையாது, டயரும் ரிம்மும் ஒட்டுற எடத்துலயே காத்து நின்னுடும். ஒரே மாடல்லயே ரெண்டும் கிடைக்குது, கிளாசிக் 350-ல நிறைய கலர் ஸ்போக், டார்க் சீரிஸ் அலாய், ஹண்டர் 350-ல ரெட்ரோன்னா ஸ்போக், மெட்ரோன்னா அலாய். ஹோண்டா ஹைனெஸ் சிபி350 எடுத்தா அலாய் தான், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 எடுத்தா ஸ்போக், ட்யூப். ஹிமாலயன் 450, 2023 கடைசில வந்தப்போ ட்யூபோட தான் வந்துச்சு, அடுத்த வருஷம் தான் ட்யூப்லெஸ் ஸ்போக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

அழகுன்னு பாத்தா ஸ்போக் தான், அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல, குரோம் ரிம்ல வெயில் பட்டு கம்பியெல்லாம் மின்னுறத பாத்தா யாருக்கா இருந்தாலும் ஆசையா தான் இருக்கும். அலாய் வேரியன்ட் விலை கொஞ்சம் கூட. வண்டி ஓடும்போது வர்ற ஃபீல்ல நம்ம ரோட்டுல நம்ம ஸ்பீடுக்கு பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

இனி விஷயத்துக்கு வர்றேன், பஞ்சர்.

பழைய பஜாஜ் சேட்டக்ல பின்னாடி ஸ்டெப்னி மாட்டியிருப்பாங்க, பஞ்சரானா கால் மணி நேரத்துல வீல மாத்திட்டு போயிட்டே இருக்கலாம். பைக்ல அந்த வசதி கிடையாது, பஞ்சரானா அந்த எடத்துலயே ஏதாவது செஞ்சாகணும். ட்யூப் டயர்ல ஆணி ஏறுச்சுன்னா பல நேரம் காத்து மடமடன்னு இறங்கிடும், அதுவும் ஆணி உள்ள அசைஞ்சு ட்யூப் கிழிஞ்சா நிமிஷத்துல வீல் தட்டையாகி பின்பக்கம் ஆட்டம் காட்டும். கொல்லிமலைல காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சு மேல போற வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு, அதுல இறங்கும்போது இப்படி ஆனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ட்யூப்லெஸ்ல ஆணி அப்படியே டயர்ல குத்தி நிக்கும், ஆணிய சுத்தி ரப்பர் இறுக்கிப் புடிச்சிருக்கறதால காத்து மெதுவா தான் கசியும். வண்டி லேசா கனமா திரும்புற மாதிரி தெரியும், நமக்கு ஓரங்கட்டி நிறுத்த நேரம் கிடைக்கும். இந்த ஒண்ணுக்காகவே நான் அலாய் எடுப்பேன்.

அடுத்து சரி பண்ற வேலை. ட்யூப்ன்னா பின் வீல் கழட்டணும். டபுள் ஸ்டாண்டு போடணும், இப்ப வர்ற நிறைய வண்டில அதுவே இல்ல, அப்ப கல்லையோ கட்டையையோ தான் தேடணும். ஆக்சில் நட்டு கழட்டி, செயின லூஸ் பண்ணி இறக்கி, டிஸ்க் பிரேக் காலிப்பர்ல இருந்து வீல வெளிய எடுத்து, ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்பேசர் எது எந்தப் பக்கம்னு ஞாபகம் வெச்சு, டயர் லிவர் போட்டு நெம்பி, ட்யூப உருவி, பேட்ச் ஒட்டி, திரும்ப மாட்டும்போது லிவர்லயே ட்யூப் கடிபட்டா மறுபடியும் முதல்ல இருந்து. எல்லாம் முடிஞ்சதும் செயின் அலைன்மென்ட் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல இருக்கானு பாக்கணும். கைப்பழக்கம் இருக்கற பஞ்சர் கடை அண்ணனுக்கு இது சுலபமான வேலை, ரோட்டோரத்துல நமக்கு அப்படி இல்ல. கடைக்கு போலாம்னா கிளாசிக் 195 கிலோ, அத தட்டையான வீலோட மலை ரோட்டுல தள்ள முடியாது, ஓட்டிட்டே போனா ட்யூபோட டயரும் சேந்து போயிடும். ஞாயித்துக்கிழமை வேற, பாதி கடை பூட்டியிருக்கும்.

ட்யூப்லெஸ்ல வீல கழட்டவே வேண்டாம். பஞ்சர் கிட் ஒரு கைப்பிடி சைசு தான். வீல சுத்தி ஆணிய கண்டுபுடிச்சு, அத உடனே புடுங்காம கிட்ல இருக்கறத எல்லாம் எடுத்து ரெடி பண்ணிட்டு, கட்டிங் பிளேயரால புடுங்கணும், எந்தக் கோணத்துல ஏறியிருந்துச்சுன்னு பாத்துக்கணும். அதே கோணத்துல ரம்பம் மாதிரி இருக்கற ஊசிய விட்டு நாலஞ்சு தடவ இழுத்து ஓட்டைய சொரசொரப்பாக்கி, ஸ்ட்ரிப்ப, அதாவது ரப்பர் திரிய, ஊசில கோத்து சொல்யூஷன் தடவி முக்கால்வாசி உள்ள அழுத்தி, ஊசிய சட்டுனு வெளிய இழுத்தா ஸ்ட்ரிப் உள்ளயே நின்னுடும். நீட்டிட்டு இருக்கறத வெட்டிட்டு காத்து அடிச்சு, எச்சியோ தண்ணியோ தொட்டு வெச்சு காத்துக் குமிழி வருதானு பாத்தா முடிஞ்சுது. காத்தடிக்க பேட்டரில கிளிப் மாட்டுற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு குரூப்புக்கே போதும், அதுவும் இல்லாட்டி கால் பம்ப்பு. டீ ஆர்டர் பண்ணி வந்து குடிச்சு முடிக்கற நேரத்துக்குள்ள வேலை ஆயிடும்.

ஒருத்தரா போறப்ப பஞ்சர் நம்ம பிரச்சன. அஞ்சு பேரா போறப்ப அஞ்சு பேருக்கும் பிரச்சன, இதுக்காக தான் இவ்ளோ நீட்டி சொல்றேன். ஒரு வண்டி நின்னா எல்லாரும் நிக்கணும், அதுல ஒருத்தர் ஒரு மணிக்குள்ள வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு வந்திருப்பாரு, இன்னொருத்தருக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும், ரெண்டு பேர் கடை தேடி முன்னாடி போவாங்க, சிக்னல் இல்லாத எடத்துல யார் எங்க இருக்காங்கன்னே தெரியாது. எங்க குரூப்ல ஒரு ஸ்போக் வண்டி கொல்லிமலைல பஞ்சரானப்போ, வீல மட்டும் கழட்டி இன்னொரு வண்டில பின்னாடி உக்காந்து மடில வெச்சு மலை மேல இருக்கற செம்மேடு ஊர் வரைக்கும் கொண்டு போய் ஒட்டிட்டு வந்தாங்க. அருவிக்கு போற பிளான் அதோட போச்சு, வெயில் இறங்குறதுக்குள்ள மலை இறங்கினா போதும்னு ஆயிடுச்சு. யார் மேலயும் தப்பு இல்ல, ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மூணு ரைடுக்கு அந்த ஃப்ரெண்டு வர்றதுக்கே தயங்கினாரு, அது தான் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு.

ஆணிய விட நம்ம பக்கம் பெரிய எதிரி சீமைக்கருவேல முள்ளு. புதுக்கோட்டை தாண்டி ராமநாதபுரம் பக்கம் போனா ரோட்டோரம் பூரா அது தான், டீக்கடைக்கு ஓரமா மண்ணுல எறக்கி நிறுத்தினாலே குத்திடும். இதுல ட்யூப் வண்டிக்கு இன்னொரு தொல்ல இருக்கு, முள்ளு முனை உடைஞ்சு டயருக்குள்ள மாட்டிட்டு நிக்கும், வெளில இருந்து பாத்தா தெரியாது. ட்யூப் ஒட்டி மாட்டிட்டு பத்து கிலோமீட்டர் போனா அதே முனை மறுபடியும் குத்தும். அதனால ட்யூப வெளிய எடுத்ததும் டயர் உள்பக்கம் பூரா விரல வெச்சு மெதுவா தடவிப் பாக்கணும், கடைல அவசரத்துல விட்டுட்டாங்கன்னா நம்ம கேட்டு பாக்க வைக்கணும். ட்யூப்லெஸ்ல மெலிசான முள்ளுன்னா அதுவே அடைச்சுக்கிட்டு நாள் கணக்குல ஓடும், வாரத்துக்கு ஒருக்கா காத்து செக் பண்ணும்போது அந்த வீல்ல மட்டும் குறைவா காட்டுறத வெச்சு தான் தெரிய வரும்.

பராமரிப்புலயும் ஸ்போக் வேலை வைக்கும். புது வண்டில முதல் கொஞ்ச தூரத்துக்குள்ள கம்பியெல்லாம் செட்டாகி லூஸாகும், சர்வீஸ்ல ஸ்போக் டைட் பண்ணச் சொல்லி கேட்டு வாங்கணும். வீட்டுலயே பாக்கலாம், சின்ன ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியா தட்டுங்க, டைட்டா இருந்தா டிங்குனு கேக்கும், லூஸுன்னா டொக்குனு மந்தமா கேக்கும். கண்டுக்காம விட்டா வீல் பெண்டாகும், லூஸ் கம்பி ஒண்ணு உடைஞ்சா பாரம் பக்கத்து கம்பிக்கு ஏறி அதுவும் உடையும். தனுஷ்கோடி போயிட்டு வந்தா இது இன்னும் அதிகம். முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல ரோடு திறந்ததுல இருந்து கடைசி வரைக்கும் பைக்லயே போயிடலாம், ரெண்டு பக்கமும் கடல், உப்புக் காத்து, ரோட்டுல பறந்து வர்ற மணல். திரும்பி வந்ததும் நல்ல தண்ணில கம்பி கம்பியா கழுவலன்னா நிப்பிள் (கம்பிய ரிம்மோட பூட்டுற சின்ன நட்டு) கிட்ட துரு புடிக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் டைட் பண்ணப் போனா நிப்பிள் சுத்தாது. அலாய்க்கு ஒரு வாளி தண்ணி ஊத்தி துணியால தொடச்சா போதும்.

அலாய்ல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். பெரிய பள்ளத்துல வேகமா எறங்கினா ரிம் ஓரம் நெளியும், நெளிஞ்ச எடத்துல டயர் சரியா உக்காராம காத்து கசியும், வெடிப்பு விட்டா வீலே மாத்தணும், வெல்டிங் வெச்சு ஓட்டுறது ஆபத்து. ஸ்போக்ன்னா அடி வாங்கினாலும் பெண்டு எடுத்து கம்பி மாத்தி ஓட்டிடலாம், சின்ன ஊர்லயே அதுக்கு ஆள் இருக்காங்க. லடாக், ஸ்பிட்டினு கல்லு ரோட்டுல நாள் கணக்கா ஓட்டுறவங்க ஸ்போக் தான் வேணும்னு சொல்றது நியாயம் தான், நான் அங்க ஓட்டினது கிடையாது, அதனால அந்தப் பேச்சுல அவங்க சொல்றத தான் கேக்கணும். எனக்கு அலாய் இதுவரைக்கும் நெளியல, ஆனா நான் ஓட்டுறது பூரா தார் ரோடு, அத வெச்சு உங்க ரோட்டுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. டயர் சைடுல கிழிஞ்சா ஸ்ட்ரிப் வேலைக்கு ஆகாது, ட்ரெட்ல, அதாவது ரோட்டுல படுற பக்கத்துல, குத்தினதுக்கு மட்டும் தான். ஸ்ட்ரிப்பே தற்காலிகம், ஊருக்கு வந்ததும் உள்பக்கம் இருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டுக்கறது தான் முறை. ஸ்ட்ரிப்போடயே டயர் தேயுற வரைக்கும் ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஹைவேல வேகமா போறவங்களுக்கு நான் அத சொல்ல மாட்டேன். இன்னொன்னு, ட்யூப்லெஸ் ஒட்டவே முடியாம போனா அவசரத்துக்கு அதே டயருக்குள்ள சரியான சைஸ் ட்யூப் போட்டு ஊர் வந்து சேரலாம், ட்யூப் டைப் ரிம்ல இத தலைகீழா பண்ண முடியாது.

ஸ்போக் ரிம்ம டேப் ஒட்டி ட்யூப்லெஸ்ஸா மாத்தித் தர்ற கடைங்க இருக்கு. எங்க குரூப்ல யாரும் பண்ணல, அதனால நல்லா ஓடும் ஓடாதுன்னு சொல்ல மாட்டேன். ட்யூப்லெஸ் ரிம்ல உள்பக்கம் டயர் ஓரத்த நழுவ விடாம புடிக்க ஒரு மேடு இருக்கும், ட்யூப் ரிம் பலதுல அது இருக்காது, அத பத்தி கடைக்காரர் கிட்ட கேட்டு திருப்தியான பதில் வந்தா மட்டும் யோசிங்க. ரீசேல்ல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் நான் பாக்கல, கலரும் ஓடின கிலோமீட்டரும் தான் அங்க பேசுது.

ஏற்கனவே ஸ்போக் வண்டி வெச்சிருக்கறவங்க விக்கணும்னு இல்ல. டயர் லிவர் ரெண்டு, ஆக்சில் நட்டுக்கு சரியான ஸ்பேனர், பேட்ச், சொல்யூஷன், அதோட புது ட்யூப். கிளாசிக்ல முன்னாடி 19 இஞ்ச், பின்னாடி 18 இஞ்ச், அதனால ரெண்டுக்கும் தனித்தனி ட்யூப் வேணும். குரூப்ல ஒரே சைஸ் வண்டிங்க இருந்தா ஒரு செட்டு போதும், ஒருத்தர் பேக்ல போட்டுக்கிட்டு கடைசில வர்றவரா இருக்கட்டும், முன்னாடி போறவர் கிட்ட இருந்தா நின்ன வண்டிக்கு திரும்பி வர வேண்டியிருக்கும்.