கொழிஞ்சாம்பாறையில் வீடு வாங்கியபோது: வாங்குபவர் பக்கம் நிற்கும் தரகர்

ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போய், அம்மா வந்து இருப்பதற்காகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். கேரளத்தில், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கோபாலபுரம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் இது. கடைவீதியில் தமிழ், பத்திரத்தில் மலையாளம். வெளிநாட்டிலிருந்து இங்கே வீடு வாங்க வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். வீட்டைத் தேடுவதற்கு முன்னால், உங்களிடம் மட்டும் காசு வாங்கி உங்களுக்காக மட்டும் பேசுகிற ஒருவரைத் தேடுங்கள்.

நியூஜெர்சியில் வீடு வாங்கியபோது இந்த ஏற்பாடு எனக்குப் பழகிவிட்டது. அங்கே விற்பவருக்கு ஒரு ஏஜென்ட், வாங்குபவருக்கு வேறு ஒரு ஏஜென்ட். முன்பெல்லாம் இரண்டு பேர் கமிஷனும் பெரும்பாலும் விற்பவர் கையிலிருந்தே போகும். 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

நம் ஊரில் அப்படி இல்லை. கடைவீதியில் அறிமுகமான ஒரு புரோக்கர் எங்களுக்கு நல்ல வீடு ஒன்றைக் காட்டினார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் பேச உட்கார்ந்தபோது, நாங்கள் எவ்வளவு வரைக்கும் போவோம் என்பது விற்பவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மாமா வெளியே வந்து விசாரித்தார். புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன், விலை ஏறினால் அதுவும் ஏறும். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இங்கே வழக்கமே அதுதான். ஆனாலும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு இது அநியாயம். சட்டமும் இந்த இடத்தில் துணைக்கு வராது. 2016-ஆம் ஆண்டின் ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி தரகர்கள் பதிவு செய்ய வேண்டும்தான், ஆனால் அது புரமோட்டர், அதாவது வீடு கட்டியோ மனை பிரித்தோ விற்கிறவர், விற்கிற திட்டங்களுக்கு. ஒருவர் குடியிருந்த பழைய வீடு கை மாறுவதற்கு அது பொருந்தாது.

அப்புறம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் ஒருவரைப் பிடித்தோம். முன்பு ஆதாரம் (இங்கே பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) எழுதுகிறவரிடம் வேலை பார்த்தவர். 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம்: எங்களிடம் மட்டுமே கட்டணம், விற்பவரிடம் எதுவும் வாங்கக் கூடாது, வீடு அமையாவிட்டாலும் அலைச்சலுக்கு ஒரு தொகை, போக்குவரவு, அதாவது வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் பெயர் மாற்றுவது, முடிந்த பிறகே மீதி. முதலில் கொஞ்சம் தயங்கினார், இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். அமையாவிட்டாலும் காசு உண்டு என்றதும் அவர் பேச்சே மாறிவிட்டது. "இந்த வீடு வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்படி அவர் வேண்டாம் என்ற ஒரு வீட்டை மறக்க முடியாது. புதிதாக வெள்ளையடித்த காம்பவுண்டு, பின்னால் காய்க்கிற தென்னைகள், அம்மாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவர் வாசலிலேயே நின்று நிலவரி ரசீதைக் கேட்டு வாங்கி, நிலத்தின் வகை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "அக்கா, தென்னையைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க. பாதி இடம் புரையிடம், மீதி நிலம்." இங்கே வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் புரையிடம் என்றால் வீடு, தோட்டத்துக்கான மேட்டு இடம்; நிலம் என்று இருந்தால் அது நெல்வயல். மேலே தென்னை நின்றாலும் கணக்கு மாறாது. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அது டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் அரசுப் பட்டியலில், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதிலிருந்து நீக்கக் கேட்டு படிவம் 5, இல்லாவிட்டால் வகை மாற்றக் கேட்டு படிவம் 6 என்று வருவாய்த்துறை ஆபீசுக்கு நடக்க வேண்டும். என் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்.ஆர்.ஐ.யோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரோ ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற ஒருவர் அந்த ரசீதை அப்படிக் கேட்டு வாங்கியிருப்பாரா?

தண்ணீர் விஷயத்தையும் அவரே கிளறினார். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி, நிலத்தடி நீரும் கீழே போய்விட்டது. ஜூலையில் கிணற்றை எட்டிப் பார்த்து என்ன தெரியும்? அதனால் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "பங்குனி, சித்திரையில லாரித் தண்ணி வாங்குவீங்களா?" என்று கேட்டார். கடைசியில் நாங்கள் வாங்கிய வீட்டில் கிணறும் போர்வெல்லும் உண்டு. அங்கேயும் இப்படித்தான் விசாரித்த பிறகு விலை பேசினோம்.

இருந்தாலும் வக்கீல் வேலையை அவரிடம் விடவில்லை. முன் ஆதாரங்கள், வில்லங்கச் சான்று, இடம் விற்பவர் வசம் இருக்கிறது என்று காட்டும் கைவசச் சான்று எல்லாவற்றையும் பாலக்காட்டில் ஒரு வக்கீல் தனியாகப் படித்துப் பார்த்தார். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் இந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

செலவுக் கணக்கும் போட்டுக்கொண்டு வாருங்கள். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசு நிர்ணயித்த நியாய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கு. விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவர் உள்நாட்டில் இருப்பவர் என்றால், விற்பவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக நாமே பிடித்துக் கட்ட வேண்டும். பணம் என்.ஆர்.ஐ.களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும்.

வில்லேஜ் ஆபீஸில் நடத்தை நன்றாக இருந்தது. அம்மா தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அப்படிக் கொடுக்கக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமே உரிமை தருகிறது.

பதிவு முடிந்ததும் நான் விமானம் ஏறிவிட்டேன். போக்குவரவுக்கு அவரே அலைந்தார். என் பெயரில் தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் நில உடைமையாளருக்குத் தரும் எண்) விழுந்த வரி ரசீது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த அன்றே மீதிக் கட்டணத்தை அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன்.